ஏழு மணிக்கு நிற்க ஓர் ஆள்

வலது தோளில் ஊசி குத்துவதுபோல் வலி. இடது தோளில் வலி தெரியவில்லை. தோல் இருந்தால்தானே வலி தெரியும். காலை ஆறிலிருந்து பதினொன்று வரை நூற்று இருபது சிமெண்ட் மூட்டை இறக்கிவிட்டு விடுதி வாசலுக்கு வந்தவனின் நெற்றிக்கு நேராக வாட்ச்மேன் துப்பாக்கியை நீட்டினார்.

காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி. ஊருக்குள் விஷக்காய்ச்சல் நுழைந்த பத்து நாளாக அவர் கையில் அதுதான்.

"நூறு புள்ளி ஆறு. தம்பி, நீ உள்ள போகலாம். வெளிய போக முடியாது."

"அண்ணே, மூட்டை தூக்கிட்டு வரேன். தூக்குன உடம்பு சுடாம ஐஸ்கட்டியாவா இருக்கும்?"

"அது எனக்குத் தெரியும். இதுக்குத் தெரியணுமே," என்று துப்பாக்கியைக் காட்டினார்.

காய்ச்சல்காரன் முந்நூறு பையன்களோடு உள்ளே இருக்கலாம், பஸ்ஸில்தான் ஏறக் கூடாது! எந்த மகாராசன் யோசித்து எழுதிய சட்டமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு மாடி ஏறினான்.

மூன்றாம் ஆண்டு மாணவன். படிப்புச் செலவுக்குக் கிடங்கில் வேலை பார்ப்பதால் விடுதியில் அவன் பெயரே 'கிடங்கு'. அன்று நாலு மணி பஸ்ஸை அவன் பிடித்தே ஆக வேண்டும். ஊரில் சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கும் அப்பா, படியில் சறுக்கி குதிகாலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தார். அதைக் காட்டித்தான் ஊருக்குப் போக பாஸ் வாங்கியிருந்தான். அந்தக் கொட்டகையில் மூட்டை தூக்கும் கூட்டத்தில் இருபது பேருக்கு இருபது இடம். ஒருத்தன் வராவிட்டால் இரண்டு நாள் பொறுப்பார்கள். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குப் பேர் கூப்பிடும்போது அந்த இடத்தில் அவன் மகனோ உடன்பிறந்தவனோ நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இடம் வேறு ஆளுக்கு. இருபத்தாறு வருஷம் தூக்கியவனுக்கும் அதே சட்டம்தான். நாளைக்கு மூன்றாம் நாள்.

அறையில் இரண்டு பேர். மருந்துக்கடைக்காரர் மகன், பட்டப்பெயர் 'டாக்டர்'. தலையணை எடுத்தாலே கை வலிக்கிறது என்பவன். இன்னொருவன் நெட்டையன், குனியச் சொன்னால் இரண்டாக மடிவான்.

"நீ போகக் கூடாதுடா," என்றான் டாக்டர். "இருபது பேரும் ஒரே குவளையில தண்ணி குடிக்கிறாங்கன்னு நீதான சொன்ன? நீ காய்ச்சலைக் கொண்டுபோய்ப் பந்தி வச்சா இருபது குடும்பமும் படுத்துக்கும்."

"எனக்குக் காய்ச்சல் இல்லடா!"

"இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வயித்துல பசி இருக்கு, வாயில திட்டு இருக்கு. காய்ச்சல்காரனுக்கு ரெண்டும் இருக்காது."

"போறதா இருந்தா முகத்தை மூடிக்கிட்டுப் போ. தனி பாட்டில்ல தண்ணி குடி. தள்ளி நின்னு வேலை செய்."

"ஐம்பது கிலோவை எப்படிடா தள்ளி நின்னு தூக்குறது? உங்கப்பா கடையில மாத்திரை எண்ணுற வேலைன்னு நினைச்சியா?"

நெட்டையன் இருவருக்கும் நடுவில் புகுந்தான். "வக்கீல் மாதிரி வாதாடுறதை நிறுத்துங்கடா. மொதல்ல சூட்டை இறக்குவோம்."

சமையலறையிலிருந்து ஐஸ் கொண்டுவந்தான். அதைத் துணியில் கட்டி அரை மணி நேரம் கிடங்கின் நெற்றியில் வைத்துப் பிடித்தார்கள். ஒரு மணிக்கு வாசலுக்குப் போனார்கள்.

வாட்ச்மேன் துப்பாக்கியைத் தட்டிப் பார்த்தார். மறுபடி வைத்தார். "தொண்ணூத்தி மூணு. தம்பி, நீ உயிரோடதான் இருக்கியா?"

அந்த நேரம் பார்த்து வார்டன் வந்தார். "காலையில நூறு, இப்போ தொண்ணூத்தி மூணா? இது இன்னும் மோசம். அரை மணி கழிச்சுத் திரும்பப் பார்."

"கொஞ்சம் ஏத்தணும், அவ்வளவுதான்," என்றான் டாக்டர், கணக்குப் போடுபவன்போல. "மூணு மாடியும் ரெண்டு தடவை ஏறி இறங்கு. சரியா தொண்ணூத்தெட்டு வரும்."

ஏறி இறங்கினான். வார்டன் முன்னால் வந்து நின்றபோது துப்பாக்கி தொண்ணூற்றெட்டு என்றுதான் சொன்னது. ஆனால் வார்டன் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. அவன் நெஞ்சைப் பார்த்தார்.

"என்னய்யா, இப்படி மூச்சு வாங்குது?"

"மாடி... ஏறினேன் சார்..."

"மாடி ஏறினா எனக்கும்தான் வாங்கும். ஆனா இப்படியா வாங்கும்?"

கிடங்குக்குப் பொறுமை போயிற்று. "சார், நீங்க மாடி ஏறுறது சாப்பிட்டுட்டு, நான் ஏறுனது வெறும் வயித்துல! விடிஞ்சதுலேர்ந்து சுமந்தவனைக் காய்ச்சல்காரன்னு சொல்றீங்க, ஏசியில உக்காந்து ஜில்லுனு இருக்கிறவனை ஆரோக்கியம்னு சொல்றீங்க. இது என்ன சார் நியாயம், எங்கப்பா இடம் போ..."

வாக்கியம் முடியவில்லை. காலையெல்லாம் தொண்டையில் படிந்திருந்த சிமெண்ட் தூசு கிளம்பியது. இருமினான். சாம்பல் நிறத்தில் இருமினான்.

வார்டன் மூன்றடி பின்வாங்கி விரல்விட்டு எண்ணினார். "சூடு, மூச்சு, இருமல். மூணு அறிகுறி. தனி அறை!"

ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த அறைதான் தனி அறை. நர்ஸ் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு, முடிவு நாளைக் காலை என்று சொல்லிவிட்டுப் போனார். கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டது.

ஜன்னல் வழியாக வார்டன் குரல் கேட்டது. "இவன் ரூமைப் பூட்டி மருந்தடிக்கணும். கூட இருந்த ரெண்டு பேருக்கும் பாஸ் போடு. ஒரு மணி நேரத்துல ஊருக்குக் கிளம்பணும்."

கிடங்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "சார்! நோய்னு சந்தேகப்படுற என்னைப் பூட்டுறீங்க. என்கூட ஒரே ரூம்ல தூங்குனவனுங்களைப் பஸ்ல ஏத்தி அனுப்புறீங்களா?"

"சர்க்குலர்ல அப்படித்தான் போட்டிருக்கு."

"எழுதுனவனுக்கு மூளை இருக்கான்னு அந்தத் துப்பாக்கியை வச்சுப் பாத்தீங்களா?"

வார்டன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

மூன்றரை மணிக்கு டாக்டரும் நெட்டையனும் பையோடு வாசல் பக்கம் போவது தெரிந்தது. இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்கள். நெட்டையன் ஜன்னலைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினான். டாக்டர் போட்டிருந்தது கிடங்கின் பழைய வேலைச் சட்டை.

"டேய்! சட்டையைக்கூட விட்டு வைக்கலியாடா!"

அவர்கள் திரும்பவில்லை.

வாட்ச்மேன் சாப்பாட்டுத் தட்டை ஜன்னலில் வைத்தார். "குடுத்து வச்ச பசங்க. பத்து நாளா ஊருக்குப் போறதுக்கு முந்நூறு பேர் மனு போட்டுட்டு உக்காந்திருக்காங்க. உன் புண்ணியத்துல இவனுங்களுக்கு ஒரு மணி நேரத்துல கிடைச்சுது."

தட்டைத் தள்ளி வைத்தான். ஐஸ் வைத்தது யார்? அவர்கள். மாடி ஏறச் சொன்னது யார்? அவர்கள். வெளியே போனது யார்? இரண்டும் இரண்டும் நாலு என்று அவனுக்கு அப்போதுதான் கூடியது. நோய் பரவும், ஊருக்குப் போகாதே என்று காலையில் பாடம் நடத்திய வாய், சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் காற்று வாங்கப் போகிறது!

டாக்டருக்குப் போன் போட்டான். மணி அடித்தது, துண்டிக்கப்பட்டது. நெட்டையனுக்குப் போட்டான். அதுவும் அப்படியே. ஏழெட்டு முறை போட்டபின் நெட்டையனிடமிருந்து ஒரு செய்தி மட்டும் வந்தது: "நிம்மதியா படு."

நிம்மதியா படுக்கணுமாம்! அவன் படுக்கவே இல்லை. அப்பாவிடம் என்ன சொல்வது? 'அப்பா, நீ இருபத்தாறு வருஷம் தூக்கிச் சேர்த்த இடத்தை நான் இருமித் தொலைச்சிட்டேன்' என்றா? உடைந்த நாற்காலிகளில் ஒன்றை டாக்டர் என்றும் இன்னொன்றை நெட்டையன் என்றும் வைத்துக்கொண்டு திட்டித் தீர்த்தான்.

காலை எட்டரைக்குக் கதவு திறந்தது. "உனக்கு ஒண்ணுமில்லப்பா," என்றார் நர்ஸ். "சத்துதான் கம்மி. கொஞ்சம் நல்லா சாப்பிடு."

"ஒண்ணுமில்லையா? இதை நேத்து நூறு தடவை சொன்னேனே!"

"நீ சொன்னா ஆச்சா? ரத்தம் சொல்லணும்."

ஏழு மணி போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து, கூட்டத்தின் மேஸ்திரிக்குப் போன் போட்டான். காலில் விழுவதைப் போனில் எப்படிச் செய்வது என்று தெரியாமல் எழுந்து நின்றுகொண்டான்.

"மேஸ்திரி, மன்னிச்சுக்குங்க. என்னைப் பூட்டி வச்சுட்டாங்க, ஏழு மணிக்கு வந்து நிக்க முடியல. அப்பா இடத்தை மட்டும் வேற யாருக்கும்..."

"இடத்தை விடுடா. உங்கப்பனுக்கு இன்னும் ரெண்டு பிள்ளைங்க இருக்கிறதை இத்தனை வருசம் எங்ககிட்ட மறைச்சிட்டீங்களே! ஏழு மணிக்கு முன்னாடியே மூஞ்சியை மூடிக்கிட்டு, தனி பாட்டிலோட வந்து நின்னுட்டானுங்க. ஒரு மூட்டையைத் தூக்க ரெண்டு பேரு வேண்டியிருக்கு, இதுவரைக்கும் நாலு மூட்டையைக் கீழ போட்டுக் கிழிச்சிருக்கானுங்க. அந்த நாலு மூட்டையும் உன் கடன், வந்து அடை."