பேர் தெரியாத வண்டு

வீட்டுக்குள் வண்டு வந்ததற்காகச் சந்தோஷப்பட்ட மனிதன் பெரம்பலூரிலேயே வீரமுத்து ஒருவனாகத்தான் இருப்பான். ஞாயிற்றுக்கிழமை காலை காபி போட அடுப்படிக்குள் போனவன், அரிசி டின்னுக்கும் தேங்காய்ச் சாக்குக்கும் நடுவில் அது நகர்வதைப் பார்த்தான். பேரீச்சம்பழத்தைவிடப் பெரிது. நல்ல கறுப்பு, எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பு, மூக்கின்மேல் பின்பக்கம் வளைந்த ஒரு கொம்பு. சொம்பைக் கவிழ்த்து அதை மூடினான். மூடிவிட்டு வெளுத்த சட்டை எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தான்.

தா.பழூருக்குப் போக ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அவன் மனைவி லீலாவதி தலைப்பிரசவத்துக்குப் போய் அங்கே அம்மா வீட்டில் இருந்தாள். பெண் குழந்தை பிறந்து நாலு மாதம் ஆகிறது. மாப்பிள்ளை சும்மா சும்மா மாமனார் வீட்டு வாசலில் போய் நின்றால் மரியாதை கெட்டுவிடும் என்பது ஊர் வழக்கம். ஆகவே போவதற்கு ஒரு காரணம் வேண்டும். வீரமுத்து வைத்திருந்த காரணங்களோ ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோயிருந்தன.

மாமனார் சிங்காரவேலு வாராவாரம் சனிக்கிழமை மருமகனுக்கு அரைச் சாக்கு தேங்காய் அனுப்புவார். தோப்பில் மரம் ஏறும் அரியமுத்து அதைத் தைத்து பஸ்ஸில் ஏற்றிவிடுவார். தனியாள் அரைச் சாக்கு தேங்காயை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று யாரும் யோசிக்கவில்லை. காலிச் சாக்கைத் திருப்பிக் கொடுக்க என்று ஒரு முறை போனான். வெந்தயம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்க ஒரு முறை போனான். விசில் வரவில்லை என்று குக்கரையே மடியில் வைத்துக்கொண்டு அரியலூரில் பஸ் மாறி ஒரு முறை போனான். குக்கருக்கு அப்புறம் மாமியார் பஞ்சவர்ணம் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அதிலிருந்து அவனுக்குப் போகத் துணிச்சல் வரவில்லை.

இதைவிட வேறொன்றுதான் அவனை அரித்துக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டால் லீலாவதி "சாப்டீங்களா, கடைக்குப் போனீங்களா, சரி வச்சிரவா" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. போனுக்குப் பக்கத்து நாற்காலியில் அவள் அப்பா உட்கார்ந்திருப்பார் என்பது இவனுக்குத் தோன்றாது. ஒரு தடவையாவது 'வாங்க' என்று சொல்ல மாட்டாளா என்று ஏங்குவான். ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டே, நமக்கிருக்கிற ஏக்கத்தில் கால்வாசியாவது அவளுக்கு இருக்குமா என்று கணக்குப் போடுவான். கணக்கு ஒரு நாளும் அவனுக்குச் சாதகமாக வந்ததில்லை.

வண்டை ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி எடுத்துக்கொண்டான். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வரதராஜன்பேட்டைக்காரர் ஒருவர், மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையோடு எட்டிப் பார்த்தார்.

"குடுங்க தம்பி, என்ன வண்டுன்னு நான் சொல்றேன்."

வீரமுத்து பதறிப்போய் பாட்டிலை மஞ்சப்பைக்குள் தள்ளினான். பேர் தெரிந்துவிட்டால் அப்புறம் தா.பழூருக்கு எதற்குப் போவது? அது வண்டு இல்லை, நாட்டு மருந்து என்று சொல்லிவிட்டான். மருந்து பைக்குள் புரண்டு படுத்தது. பெரியவர் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

சிங்காரவேலு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஈர்க்குச்சியால் வண்டைப் புரட்டினார். கொம்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வண்டை விட்டுவிட்டு, கூடத்துத் தூளியில் தூங்கிய பேத்தியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறுபது வருசத்துல இப்படி ஒண்ண நான் பாத்ததில்ல மாப்ளே."

தண்ணீர்ச் சொம்போடு வந்த பஞ்சவர்ணம் வண்டைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நிலைப்படியில் நின்ற லீலாவதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அவளுடைய ஆள்காட்டி விரலில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டான். அருவாமணை பட்டுவிட்டது என்றாள். அதோடு குழந்தையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். அது அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

திரும்பும்போது சட்டையில் பால் வாசனை அடித்தது. அந்தச் சட்டையை அவன் அந்த வாரம் துவைக்கப் போடவில்லை.

புறப்படும்போது மாமனார், ஒன்றை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது, இன்னொன்று வந்தால் அதையும் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார். மாமனாரே வரச் சொன்னால் அதற்கு மேல் என்ன வேண்டும்? வீரமுத்து வாரம் முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்து, லைட்டையும் போட்டுவிட்டுப் படுத்தான். கொசு வந்தது, விட்டில் வந்தது, பக்கத்து வீட்டுப் பூனை வந்து பாலைக் குடித்துவிட்டுப் போனது. வண்டு வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வெறுத்துப்போய், பஸ் ஸ்டாண்டிலிருந்து தேங்காய்ச் சாக்கைத் தூக்கி வந்து அடுப்படியில் போட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை அதே இடத்தில், அதே கொம்போடு ஒரு வண்டு நின்றது. அதைக் கும்பிடாத குறையாகப் பாட்டிலில் ஏற்றினான்.

இந்த முறை சிங்காரவேலுவின் முகம் இறுகிவிட்டது.

"ரெண்டு வந்துருச்சுன்னா வூட்டுக்குள்ள எங்கயோ குடும்பமே இருக்குன்னு அர்த்தம். கொம்பப் பாருங்க. பச்சப்புள்ள காதுல பூந்துட்டா யாரு பதில் சொல்றது? வண்டு மொத்தமும் ஒழியட்டும் மாப்ளே, அப்பறம் அனுப்புறேன்."

பேரீச்சம்பழம் அளவு வண்டு குழந்தையின் காதுக்குள் எப்படிப் போகும் என்று கேட்க வீரமுத்துவுக்கு நாக்கு எழவில்லை. ஆனி மாதம் முடியப் போகிறது. அதற்குள் கூட்டி வராவிட்டால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் அனுப்ப மாட்டார்கள். இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் அந்தக் காலி வீட்டில் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். பிள்ளையைப் பார்க்க எந்த வண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினானோ, அந்த வண்டே இப்போது பிள்ளையை வரவிடாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டது.

கிளம்பும்போது லீலாவதி செருப்பு விடும் இடத்தில் வந்து நின்று, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"இத இங்க தூக்கிட்டு வராதீங்க. அங்கயே ஒரு உரக்கடையில காட்டிக் கேளுங்க."

அவ்வளவுதான், வராதே என்றே சொல்லிவிட்டாள். பஸ் ஜெயங்கொண்டம் தாண்டும்வரை அந்த வார்த்தையையே திருப்பித் திருப்பி முணுமுணுத்துக்கொண்டு வந்தான். உரக்கடைக்கு அவன் போகவில்லை. ரோஷம்.

அதற்குப் பதிலாக வண்டு ஒழிப்பில் இறங்கினான். வேலை செய்யும் கடையிலிருந்தே கொசு வலை வாங்கி, ஜன்னல், புகைபோக்கி, பாத்ரூம் ஓட்டை என்று ஒன்று விடாமல் அடித்தான். அடுத்த ஞாயிறு காலையில் மூன்றாவது வண்டு உள்பக்கமிருந்து வலையில் மோதி மோதி, வெளியே போக வழி தேடிக்கொண்டிருந்தது. வலை இல்லாவிட்டால் அது பாட்டுக்குப் போயிருக்கும்.

சரி, புகை போடலாம் என்று வேப்பிலையும் சாம்பிராணியும் போட்டு வீட்டை மூடினான். வலை அடித்த வீட்டில் புகை எங்கே போகும்? ஓட்டு இடுக்கு வழியாக முன்பக்கம் இருக்கும் வீட்டுக்காரம்மா பொன்னம்மாளின் கூடத்துக்குப் போனது. அவர் நெருப்புப் பிடித்துவிட்டது என்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினார். குழந்தைக்கென்று வாங்கி வைத்திருந்த ஸ்பிரிங் தொட்டிலும் மெத்தையும் நனைந்து சொட்டின. வண்டு மட்டும் பரண்மேல் ஏறி ஈரம் படாமல் உட்கார்ந்திருந்தது. ஆடி பிறந்ததும் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் பொன்னம்மாள்.

இனி பொய்தான் கதி என்று பூத்துக்கு நடந்தான். வண்டு வரவே இல்லை என்று மாமனாரிடம் சொன்னான். மாமனார் விடவில்லை.

"இல்லவே இல்லியா? நல்லாப் பாத்தீங்களா? பரண்ல, டின்னுக்குப் பின்னால, சாக்குக்கு அடியில எல்லாம் பாத்தீங்களா?"

அந்தக் குரலில் ஒரு ஏமாற்றம் இருந்ததை வீரமுத்து கவனிக்கவில்லை. அவன் இருமிக்கொண்டிருந்தான்.

"ஏன் மாப்ளே இருமுறீங்க?"

"புகை போட்டேங்க மாமா."

"எதுக்கு?"

"வண்டுக்கு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். துருவித் துருவிக் கேட்டதில் வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொன்னதும் வெளியே வந்துவிட்டது. வண்டும் இருக்கிறது, வீடும் இல்லை, அப்புறம் பிள்ளையை எங்கே அனுப்புவது என்று மாமனார் போனை வைத்துவிட்டார்.

ரோஷத்தை வைத்துக்கொண்டு இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. மறுநாள் பரணிலிருந்த வண்டைப் பாட்டிலில் போட்டுக்கொண்டு கடைவீதி உரக்கடைக்குப் போனான். கடைக்காரர் பிச்சைமுத்து யாருக்கோ பூச்சிமருந்து கட்டிக்கொண்டிருந்தார். பாட்டிலைக் கையில்கூட வாங்கவில்லை.

"காண்டாமிருக வண்டு. எருக்குழியில வளந்து தென்னங்குருத்தத் தொளைக்கும். ஆள ஒண்ணும் பண்ணாது. தென்னை வச்சிருக்கவங்க இருட்டுல தடவிப் பாத்தே சொல்லிருவாங்களே."

வீரமுத்து நின்றான். சிங்காரவேலுவின் தோப்பில் தென்னையைத் தவிர வேறு மரம் கிடையாது.

அவன் வீட்டைச் சுற்றித் தென்னையும் இல்லை, எருக்குழியும் இல்லை என்று கேட்டதும், வெளியிலிருந்து தேங்காய் மூட்டை ஏதாவது வருகிறதா என்று பிச்சைமுத்து விசாரித்தார். வருகிறது என்று சொல்லும்போதே இவனுக்குக் காது சூடேறிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை சாக்கை பஸ் ஸ்டாண்டிலேயே பிரித்தான். தேங்காய்களுக்கு மேலே இரண்டு கொட்டாங்கச்சி, வாயோடு வாய் வைத்து நாரால் தளர்வாகக் கட்டியிருந்தது. உள்ளே, நசுங்காமல் சௌகரியமாக ஒரு வண்டு பயணம் செய்து வந்திருந்தது. முந்தைய சாக்குகளிலும் கொட்டாங்கச்சி கிடந்ததும், அடுப்புக்கு ஆகும் என்று எடுத்துப் போட்டதும் அவனுக்கு ஞாபகம் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் முன்னால் கொட்டாங்கச்சியை அப்படியே வைத்தான். வழியெல்லாம் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தான். ஆனால் சிங்காரவேலு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"நான்தான் போட்டேன் மாப்ளே. புள்ள போயிட்டா இந்த வூட்டுல எப்படி இருக்கப் போறோம்னு நெனச்சு, ராத்திரியெல்லாம் எந்திரிச்சுத் தூளியவே பாத்துக்கிட்டிருக்கேன். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு கேக்க வாய் வரல."

கொஞ்சம் நிறுத்தி, தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்.

"ஆனா மொத வண்டு நான் போட்டதில்ல. அது எப்படி வந்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. அதப் பாத்த பொறவுதான் எனக்கு இந்த யோசனையே வந்துச்சு."

வீரமுத்துவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தவனுக்கு வண்டு அனுப்பியவரைத் தெரியாதா? பேத்தியைப் பார்க்கத் தோன்றினால் காரணம் ஒன்றும் தேடாமல் பஸ் ஏறுங்கள் மாமா என்றான். அவர் ஆனிக்குள் அனுப்பிவிடுவதாகச் சொன்னார். பொன்னம்மாளுக்கென்று தனியாக ஒரு குலைத் தேங்காய் வெட்டி வைத்தார். அந்தக் குலைக்கு அந்தம்மாள் மனம் இறங்கியதும், ஆனி முடிய இரண்டு நாள் இருக்கையில் நல்ல நேரம் பார்த்ததும் பிறகு நடந்தவை.

பஸ் நிறுத்தத்தில் வழியனுப்ப எல்லோரும் வந்திருந்தார்கள். லீலாவதி அம்மா தோளில் சாய்ந்து அழுத அழுகையில் பஸ்ஸே இரண்டு நிமிஷம் தாமதித்தது. ஜன்னலோரம் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகும் மூக்கை உறிஞ்சினாள். பக்கத்தில் உட்கார்ந்த வீரமுத்துவுக்குப் பழைய அரிப்பு மறுபடி ஆரம்பித்தது. வந்துவிட்டாள், சரி. மனசோடுதான் வருகிறாளா? வழக்கம் என்பதற்காக வருகிறாளா? இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட 'வாங்க' என்று சொல்லாதவள்தானே இவள்?

அரியமுத்து தேங்காய்ச் சாக்கை பஸ்மேல் ஏற்றிக் கட்டிவிட்டு, ஏணியிலிருந்து இறங்கி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு லீலாவதியைக் கேட்டார்.

"பாப்பா, மாப்ளய எப்படியாச்சும் வரவழைக்கணும்னு, மொத வண்ட நானே புடிச்சுப் போடுறேன்னு எருக்குழியில கைய விட்டு வெரலக் கிழிச்சுக்கிட்டியே, அந்தக் காயம் ஆறிப்போச்சா?"