கத்தினால்தான் கிடைக்கும் லைன்

வாடிக்கையாளர் வாய்கிழியக் கத்தினால் முகம் மலர்கிற கடைக்காரர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். இலங்கையில், தெரணியகலையில் இண்டர்நெட் கடை வைத்திருந்த அவரை 'கூட்டிக்கொற' என்றுதான் ஊரே அழைத்தது. சொந்தப் பெயரைக் கேட்டால் அவர் மனைவியே கொஞ்சம் யோசிப்பார்.

முன்பு தேயிலை பெக்டரியில் அடுப்புப் பார்த்தவர். சூடு ஏறினால் குறை, இறங்கினால் கூட்டு. வேலையை விட்ட பிறகும் அந்த வியாதி விடவில்லை. பால் விடாத பிளேன்டீயில் இனிப்புக் கூடினால் தேயிலைச் சாயம் ஊற்றுவார், கசந்தால் சீனி போடுவார், திரும்பவும் சாயம். கடைசியில் கடைக்கே போதுமான டீ இருக்கும், ஒருவராலும் குடிக்க முடியாது.

கடைக்கு ஒரே ஒரு இணைப்பு. அதை நாலு கம்ப்யூட்டரும், மூலையில் இருந்த பேசும் பூத்தும் பங்குபோட வேண்டும். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்களோடு தோட்டத்துச் சனம் பேசுவது அந்தப் பூத்தில்தான். பையன்கள் படம் இறக்க ஆரம்பித்தால் அங்கே குரல் துண்டு துண்டாகிவிடும்.

கூட்டிக்கொற அண்ணன் யோசித்தார். லைன் சரியில்லை என்றால் நம் சனம் என்ன செய்யும்? கத்தும். பூத்துக்குள் தனியாக ஒரு மைக்கை ஒட்டினார், மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு புரோகிராம் எழுதினார். பூத்தில் சத்தம் ஏறினால் மற்ற கம்ப்யூட்டர்களுக்கு வேகத்தைக் குறைத்துப் பூத்துக்குக் கூட்டும். சத்தம் இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடும்.

"இனி யாரும் வந்து கொம்ப்ளேன் பண்ணத் தேவல்ல தங்கச்சி. சனம் கத்துற கத்துலயே லைன் தன்னால சரியாகிரும்" என்றார், அங்கே டைப் அடிக்கும் வேலை பார்த்த என்னிடம்.

சரியாகத்தான் ஆனது. ஆனால் தோட்டத்து மேல் டிவிஷன் பாக்கியம் அக்கா பூத்துக்குள் போனால் கடை செத்தது. அவர் சும்மா பேசினாலே அடுத்த மலைக்குக் கேட்கும். மகளிடம் என்ன கறி என்று விசாரித்து முடிக்கும்வரை நாலு கம்ப்யூட்டரும் உறைந்து நிற்கும்.

"மொகத மே, ஐயே?" இது என்ன அண்ணே என்று பையன்கள் சிங்களத்தில் எகிறுவார்கள்.

"பொட்டக் இன்ன மல்லி. கொஞ்சம் பொறு தம்பி, அக்கா மூச்சு வாங்கட்டும்."

அதே தோட்டத்துச் செல்லம்மாவின், வெளிநாடு போன மகள் ராணியிடமிருந்து மட்டும் மாதக்கணக்கில் தகவல் இல்லை. ஏஜென்சிக்காரன் கையை விரித்துவிட்டான். எந்த வீடு என்று தெரிந்தால்தான் தூதரகத்தில் சொல்லி மீட்க முடியும். அங்கே வீட்டுக்காரர்கள் வெளியே போகிற நாள் என்று, வெள்ளிதோறும் செல்லம்மா வந்து பூத்து வாசலில் உட்கார்ந்திருப்பார்.

ஒரு வெள்ளி அழைப்பு வந்தது. எழுதத் தெரியாத அவருக்காக நான் பேனாவோடு கூட நின்றேன்.

"அம்மா, மெதுவா பேசுங்க. பக்கத்து ரூம்ல ஆள் இருக்கு. அடிக்கிறாங்கம்மா. கை ஒடஞ்சிருக்கு."

"எந்த எடம்னு சொல்லு சாமி" என்றார் செல்லம்மா, அவரும் கிசுகிசுப்பாக.

பூத்தில் அவ்வளவு அமைதியை அந்த புரோகிராம் அதுவரை கேட்டதில்லை. லைன் அருமையாக இருக்கிறது என்று முடிவு கட்டி, இருந்த வேகத்தையெல்லாம் படம் இறக்கிய பையன்களுக்கு அள்ளிக் கொடுத்தது. "எழுதிக்கங்கம்மா, இந்த வீடு" என்றதோடு ராணியின் குரல் நொறுங்கி அறுந்துபோனது.

செல்லம்மா அப்போதுதான் கத்தினார். உடனே மொத்த லைனும் பூத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லை.

அண்ணன் மைக்கைப் பிடுங்கி எறிந்தார். ராணி திரும்ப அழைக்கவேயில்லை. அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் செல்லம்மா உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் அண்ணன் நாலு கம்ப்யூட்டரையும் அணைத்துவிடுவார். பையன்கள் வேறு கடை பார்த்துப் போனார்கள்.

"கோல் வந்தா மட்டும் நிப்பாட்டலாமேண்ணே?"

"கேக்கலன்னு தெரிஞ்ச பொறகு கூட்டுனா லேட்டு தங்கச்சி."

செல்லம்மாவுக்கு ஒரு டீ கொடுப்பார். இனிப்புச் சரியா என்று கேட்கமாட்டார், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். கடையை மூடிய நாள்வரை அந்த மனுஷன் பக்கத்தில், அணைந்த கம்ப்யூட்டர் முன்னால், நானும் உட்கார்ந்திருந்தேன். இப்போது கூப்பிட்டாலும் போய் உட்காருவேன்.