வயலின் மேதைகளுக்கு மார்க் போடுபவர்

வயலின் மேதைகளுக்கு மார்க் போடுவதற்கென்றே ஓர் இனம் உண்டு. இவர்கள் வயலின் வாசிக்க மாட்டார்கள். வாசிப்பவர்களை நிம்மதியாக விடவும் மாட்டார்கள்.

எனக்குத் தெரிந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண் பரிசோதனைக்கு வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கில் கனத்த சட்டத்தை மாட்டி, விளக்கையும் அணைத்து, எழுந்து ஓட வழியில்லாமல் செய்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

“வயலின்ல உங்களுக்கு யாரப் பிடிக்கும்?”

வந்தவர், பாவம், தெரிந்த ஒரு பெயரைச் சொல்வார்.

“பிடிக்கட்டும், தப்பில்ல. நல்லதா நாலு கேட்டா சரியாயிடும். கீழ் வரி தெரியுதா?”

இவருக்குப் பிடித்தவர் யார்? கட்டாயம் காலமானவராக இருக்கவேண்டும். ஒரே ஒரு ஒலிப்பதிவுதான் மிஞ்சியிருக்கவேண்டும்; அதிலும் பாதி இரைச்சல் என்றால் விசேஷம். உயிரோடிருப்பவர் வேகமாக வாசித்தால் சர்க்கஸ், நிதானமாக வாசித்தால் கை தளர்ந்துவிட்டது, கண்ணை மூடி வாசித்தால் நடிப்பு, திறந்து வாசித்தால் உருக்கம் போதாது. வேறு எப்படித்தான் வாசிப்பதாம்?

போன மாதம் மனைவியோடு ஒரு கச்சேரிக்குப் போனார். வாசித்த அம்மையாரை நேரில் கேட்கவேண்டும் என்பது மனைவியின் வெகுநாள் ஆசை. வில் தந்தியைத் தொட்டதுமே இவர் அவள் காதருகே சாய்ந்துவிட்டார்.

“இந்த இடத்த நம்ம ஆளு வாசிச்சிருக்கணும்…”

மூன்றாவது முறை சாய்ந்தபோது மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு, முன்வரிசையில் காலியாயிருந்த நாற்காலிக்குப் போய்விட்டாள். இவர் அசரவில்லை. மறுபக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதரிடம் தொடர்ந்தார்.

அப்போதுதான் மேடையில் ஒரு தந்தி அறுந்தது. அம்மையார் நிறுத்தவில்லை. மிச்சமிருந்த தந்திகளில் விரல்களை வேறு வழியாக நடத்தி, முன்னைவிட உருக்கமாக முடித்தார். அரங்கமே மூச்சடக்கிக் கிடந்தது, ஒருவரைத் தவிர.

திரும்பும் வழியில் பேருந்தில் மெல்லக் கேட்டார்: “தந்தி அறுந்துச்சாமே? எப்ப?”

“நீங்க பேசிட்டிருந்தப்ப.”

“அப்புறம் எப்படி வாசிச்சாங்க?”

அபிப்பிராயம் ஒட்டிக்கொள்ளாத ஒரு கேள்வியை அவர் கேட்டது அன்றுதான். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அதச் சொல்ல முடியாதுங்க. கேட்டிருக்கணும்.”

இதைக் கேள்விப்பட்டபோது எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் கடைக்கு வந்த முதல் ஆளிடம் சொன்னார்: “நேத்து தந்தி அறுந்து வாசிச்சாங்களே, நான் அங்கதான் இருந்தேன். அந்தம்மாவுக்கு ஈடு யாருங்க?”

படித்துவிட்டு, ‘அட, நம்ம மச்சான் அப்படியே இதில் இருக்கிறாரே’ என்று சிரிக்கிறீர்கள் அல்லவா? நன்றாகச் சிரியுங்கள். இதே பக்கத்தை வைத்துக்கொண்டு உங்கள் மச்சானும் அங்கே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.