நாற்பத்து நான்காம் எண் சட்டை

மனித அறிவின் சிகரம் எது என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லலாம்: பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனைப் பார்த்து, அவனுடைய எதிர்காலம் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று அறிவித்துவிடும் கலைதான் அது. ஜோசியருக்குப் பிறந்த நேரமாவது வேண்டும். லைல் ஹெம்ப்ரீக்கு அதுவும் வேண்டாம். அலபாமாவில் கல்லூரி அணிகளுக்கு ஆள் பிடிக்கும் பயிற்சியாளர்கள் அத்தனை பேரும் கண் விழித்ததும் திறந்து பார்க்கும் 'நட்சத்திரப் பலகை' இணையதளத்தின் தலைமை மதிப்பீட்டாளர் அவர்.

லைல், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதும் அந்த அமெரிக்கக் கால்பந்தை ஆடியவர் இல்லை. ஆடினால் பார்வை கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை. பள்ளி நாட்களில் மைதான வாத்தியக் குழுவில் ஜால்ரா தட்டினார். அந்தப் பயிற்சி பின்னாளில் வீண்போகவில்லை.

அவருடைய கணிப்பு ஒருநாளும் தவறியதில்லை. தவற முடியாதபடி அதை அமைத்து வைத்திருந்தார். ஐந்து நட்சத்திரப் பையன் பெரிய ஆட்டக்காரன் ஆகிவிட்டால், 'கணித்தபடியே'. ஆகாமல் போனால், 'பையனிடம் முனைப்பு இல்லை'. ஒரு நட்சத்திரம்கூட வாங்காத எவனாவது தொழில்முறை அணிக்குப் போய்க் கொடி நாட்டிவிட்டால், 'தாமதமாக மலர்ந்தவன்'. குற்றம் பூவின் மேல்தான். தோட்டத்தை எட்டிப் பார்க்காதவர் மேல் இல்லை.

இந்த மகத்தான முறைப்படி அவர் கண்டெடுத்தவன்தான் டவேரியஸ் பெட்வே. கோக்கர்ஸ் பெண்ட் என்ற சிற்றூரின் பள்ளி அணி ஆடிய மூன்று ஆட்டங்களின் வீடியோவை லைல் ஒரே மாலையில், வேகவைத்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டே பார்த்தார். ஆடுகிறவர்களின் முகங்கள் தலைக்கவசக் கம்பிகளுக்குள் மறைந்திருந்தன; சட்டை எண்தான் அடையாளம். முதல் ஆட்டத்தில் நாற்பத்து நான்காம் எண் சட்டைக்காரன் பந்தோடு ஓடிய ஓட்டத்தில் துரத்தியவர்கள் பாதியிலேயே நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார்கள். இரண்டாவதில் நாற்பத்து நான்கு, தலைக்கு மேல் போன பந்தை ஒற்றைக் கையால் பறித்தான். மூன்றாவதில் எதிரணிக்காரன் ஒருவனை முட்டித் தள்ளியபோது ஆள் மட்டும் போய் விழுந்தான். காலணி நின்ற இடத்திலேயே நின்றது.

"என் வாழ்க்கையில இப்படி ஒருத்தனைப் பார்த்ததே இல்லை" என்றார் லைல், கடலையைக் கீழே வைத்துவிட்டு. அது முழு உண்மை. எவ்வளவு முழு உண்மை என்று தெரியப் பத்து ஆண்டுகள் பிடித்தன.

உடனே பள்ளி அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தார். "உங்க டீம்ல நாற்பத்து நாலு யாரும்மா?"

அலுவலகத்துப் பெண் ஜன்னல் வழியாக மைதானத்தை எட்டிப் பார்த்தாள். "இப்போ போட்டிருக்கறது டவேரியஸ் பெட்வே, சார்."

"இப்போ" என்ற சொல்லின் மேல் லைல் நேரத்தை வீணாக்கவில்லை. ஐந்து நட்சத்திரம் போட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது சுத்தமான விஞ்ஞானம். பையன் பெயரையே கேட்டிராத கல்லூரிகள் எல்லாம் ஐந்து நட்சத்திரம் இருக்கிறதே என்று ஓடி வந்தன. இத்தனை கல்லூரிகள் ஓடி வருகின்றனவே, பார்த்தீர்களா என்று லைல் எழுதினார். ஒரு பயிற்சியாளர் நேரில் வந்து பையனை ஓடச் சொன்னார். சுமாராகத்தான் ஓடினான். "தரை ஈரம்" என்றார் அவர். இன்னொருவர் தன் ஓட்டக் கடிகாரத்தை உதறிப் பார்த்து, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று குப்பையில் போட்டார்.

எந்தக் கல்லூரியில் சேர்வது என்று ஊரறிய அறிவிக்கும் கையெழுத்து நாளன்று பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் மேசை போட்டு, மூன்று கல்லூரிகளின் தொப்பிகளை வரிசையாக வைத்தார்கள். ஒரு பக்கம் பாதிரியார், மறு பக்கம் டவேரியஸின் அம்மா வெர்னா, எதிரே தொலைக்காட்சிக்காரர்கள். பையன் ஒரு தொப்பியை நோக்கிக் கை நீட்டினான், இழுத்துக்கொண்டான். இன்னொன்றின் மேல் கை வைத்தான், எடுத்துவிட்டான். கடைசியில் டென்சா பல்கலைக்கழகத்தின் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான். கூட்டத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தேம்பித் தேம்பி அழுதார். அவருக்கும் பையனுக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது.

டென்சாவில் அவனைப் பந்தோடு ஓடச் சொன்னார்கள், ஓட்டம் போதவில்லை. பந்தைப் பிடிக்கச் சொன்னார்கள்; கையில் பட்டு விழுந்தது. "எங்கடா ஒளிச்சு வெச்சிருக்கே?" என்று தலைமைப் பயிற்சியாளர் தினமும் கேட்டார். "கோச், ஊர்ல நான் முட்டித் தள்ளறவன். அங்கயே நிறுத்துங்களேன்" என்றான் டவேரியஸ். "அஞ்சு நட்சத்திரத்தை அங்க நிறுத்தினா ஊர் சிரிக்கும்" என்றார் அவர். காணாமல் போன வேகத்தைத் தேடி அவன் விடியற்காலையில் தனியாக ஓட ஆரம்பித்தான். முழங்கால் போனது. லைல் தன் கடமையைச் செய்தார்: 'பையனிடம் முனைப்பு இல்லை'.

அந்தக் கையெழுத்து நாளின் பத்தாண்டு நிறைவையொட்டி, அந்த ஆண்டின் நட்சத்திரங்கள் எல்லாம் என்ன ஆனார்கள் என்று லைல் ஒரு 'மறுபார்வை' எழுதத் தொடங்கியபோதுதான் டவேரியஸிடமிருந்து அழைப்பு வந்தது.

"சார், நான் இப்போ டயர் கடையில வேலை பார்க்கறேன். சாயங்காலம் நம்ம ஸ்கூல் பசங்களுக்குச் சும்மா சொல்லிக் குடுக்கறேன். இப்போ சம்பளத்தோட உதவிக் கோச் வேலை ஒண்ணு வந்திருக்கு. ஸ்கூல் போர்டு தலைவர் கிரென்ஷா போன்ல என் பேரைத் தட்டிப் பார்த்திருக்கார். முதல்ல வர்றது நீங்க எழுதின அந்த வரிதான். முனைப்பு இல்லாதவன் பசங்களுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுப்பான்னு கேக்கறார்."

"கேட்பாங்கதான்" என்றார் லைல், அனுதாபத்தோடு.

"என்னைப் புகழ வேண்டாம் சார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துடுங்க. இந்த வேலை எனக்கு வேணும்."

லைல் பெருந்தன்மையாளர். நேரிலேயே வருவதாகச் சொன்னார். அந்த மூன்று ஆட்டங்களின் வீடியோவையும் எடுத்துக்கொண்டார். எதையெல்லாம் கோட்டை விட்டோம் என்று டவேரியஸ் தன் கண்ணாலேயே பார்த்தால் மனசு ஆறும் என்பது அவர் எண்ணம்.

சனிக்கிழமை மதியம். வெர்னா வீட்டுக் கொல்லையில் பன்றி இறைச்சி புகையில் வெந்துகொண்டிருந்தது. டவேரியஸோடு பள்ளியில் ஆடிய இருவர் வந்திருந்தார்கள். செம்பட்டைத் தலை குவின்ட் லெட்பெட்டர் கழிவுநீர் லாரி ஓட்டுகிறவன். டெஷான் அபர்நாதி முடிதிருத்துகிறவன். லைல் மடிக்கணினியை மேசையில் திறந்து வைத்தார்.

"பாரு டவேரியஸ். கடவுள் உனக்கு எவ்வளவு குடுத்திருந்தார் பாரு."

திரையில் நாற்பத்து நான்கு ஓடினான். குவின்ட் எலும்புத் துண்டோடு எழுந்து நின்றுவிட்டான். "அடேய்! அது நான்டா! வால்டன்ஸ் மில் டீமோட ஆடின மேட்ச்!"

லைல் பொறுமையாகச் சிரித்தார். "நாற்பத்து நாலு டவேரியஸ், தம்பி."

"அந்த வாரம் நான் சார் நாற்பத்து நாலு. பாருங்க, ஓடி முடிச்சிட்டு மூக்கைத் துடைக்கறேன். எங்கப்பா இன்னிக்கும் அப்படித்தான் துடைப்பார்."

வெர்னா இடுப்பில் கை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். "குவின்ட்டேதான். ஏன் மிஸ்டர் லைல், என் கறுப்புப் பிள்ளைக்கு என்னிக்கு அவ்வளவு வெள்ளைக் கால் இருந்துச்சு?"

"அது... குளிருக்குப் போட்ட நீளக் காலுறைன்னு நினைச்சேன்."

"செப்டம்பர் மாசம் சார்" என்றான் டெஷான். "வேர்வையில தெப்பமா நனைஞ்சிருந்தோம். இருங்க, அடுத்ததைப் போடுங்க. இதோ! இந்தப் பந்தைப் பிடிச்சது நான். இந்தக் கைதான். இதே கையாலதான் இப்போ பாதிரியாருக்கு முடி வெட்டறேன்."

மூன்றாவது ஆட்டத்தில் காலணி மட்டும் தனியாக நின்றது. டவேரியஸ்தான் மெதுவாகச் சொன்னான். "இது நான்."

லைல் இனிப்புத் தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். "ஒரே சட்டையை மூணு பேர் எப்படி...?"

"எங்க ஊர்ல அந்தச் சட்டை யாருக்கும் சொந்தமில்ல சார்" என்றான் குவின்ட். "திறமைக்காகக் குடுக்கறதும் இல்ல. அந்த வாரம் ப்ராக்டிஸ்ல எவன் எல்லாரையும்விட அதிகமா உழைச்சானோ, அவன் போட்டுக்கலாம். அடுத்த வாரம் கழட்டிக் குடுத்துடணும்."

"இதை யாருமே என்கிட்ட சொல்லலையே!"

"நீங்க யாருமே எங்ககிட்ட கேக்கலையே" என்றாள் வெர்னா. "அப்போ இருந்த கோச்சுக்குத் தெரியும். அஞ்சு நட்சத்திரப் பையனை உருவாக்கினவர்னு சொல்லிப் பெரிய ஸ்கூல்ல தூக்கிட்டுப் போயிட்டாங்க. அவர் ஏன் வாயைத் திறக்கப் போறார்?"

டவேரியஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இந்த வீடியோவை நான் பார்த்ததே இல்ல சார். நீங்க என்னைத்தான் பார்த்தீங்கன்னு நம்பினேன். அவ்வளவு பெரிய மனுஷங்க எல்லாம் சொல்றாங்க, அப்போ எனக்குள்ள அந்த வேகம் இருந்திருக்கு, நான்தான் எங்கயோ தொலைச்சிட்டேன்னு பத்து வருஷமாத் தேடறேன். ராத்திரி தூங்கும்போதுகூடத் தேடுவேன். அது இந்தச் செம்பட்டைத் தலையன்கிட்ட இருந்திருக்கு!"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா" என்றான் குவின்ட். எல்லோரும் சிரித்தார்கள். டவேரியஸும் சிரித்தான், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். இவ்வளவு காலம் தன்னை எப்படியெல்லாம் வெறுத்துவிட்டோம் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"எழுதிடுங்க சார். நடந்ததை நடந்தபடி எழுதிடுங்க. திங்கட்கிழமை போர்டு கூடுது."

"உண்மையைத்தான் எழுதுவேன்" என்று லைல் அவன் கையைப் பற்றிச் சொன்னார். சொன்னபோது மனதாரத்தான் சொன்னார். வெர்னா அவருக்கு வாழைப்பழப் புட்டிங்கை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

திரும்பும் வழியில் லைலுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பையனின் வாழ்க்கையைக் கடலை உரிக்கும் நேரத்தில் நாசம் செய்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். இந்த உணர்வு ஆற்றுப் பாலம் தாண்டி, பெட்ரோல் பங்க் வரை நீடித்தது. அங்கே வண்டியை நிறுத்திப் புட்டிங்கைச் சாப்பிட்டபோது பொதுநலன் நினைவுக்கு வந்தது. ஒரு சட்டைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தோம் என்று எழுதினால் யார் யார் மனம் புண்படும்? அந்தச் சட்டையைத் துரத்திக்கொண்டு வந்த கல்லூரிகள். கடிகாரத்தைக் குப்பையில் போட்ட பயிற்சியாளர். அன்றைக்குத் தேம்பி அழுத பெரியவர். ஒரு டயர் கடைக்காரனுக்காக இத்தனை பேரின் நம்பிக்கையைக் குலைக்க ஒரு தனிமனிதனுக்கு என்ன உரிமை இருக்கிறது? இப்படி உயர்ந்த நோக்கோடு யோசிக்க யோசிக்கப் புட்டிங்கும் தீர்ந்தது.

திங்கட்கிழமை போர்டுக் கூட்டம் பள்ளி நூலகத்தில் நடந்தது. சிறப்பு விருந்தினர் லைல் ஹெம்ப்ரீ. தலைவர் கிரென்ஷா எழுந்து, "அமெரிக்காவிலேயே தவறாத கண் இவருடையதுதான்" என்று அறிமுகம் செய்தார். டவேரியஸ் டயர் கடை உடுப்போடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். லைல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அன்று காலை வெளியான 'மறுபார்வை'யிலிருந்து வாசித்தார்.

"'டவேரியஸ் பெட்வே. தீவிர மறுஆய்வுக்குப் பின் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். இவரிடம் மூன்று பேருடைய திறமை இருந்தது. ஒருவருக்குரிய முனைப்புதான் இல்லை.'"

கூட்டம் கைதட்டியது. டவேரியஸ் அசையவில்லை. உதவிக் கோச் வேலைக்குப் பக்கத்து மாவட்டத்து ஆள் ஒருவர், பள்ளி நாட்களில் மூன்று நட்சத்திரம் வாங்கியவர், ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

"அப்புறம் இன்னொரு விஷயம்" என்றார் கிரென்ஷா. "இந்த ஸ்கூலுக்காக இந்த வாரம் எல்லாரையும்விட அதிகமா உழைச்சது மிஸ்டர் லைல்தான். இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு ஆராய்ச்சி பண்ணி..." அந்த வாரத்து உழைப்பாளிக்காகச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் காத்திருந்த நாற்பத்து நான்காம் எண் சட்டையை அவரே இறக்கி எடுத்து வந்தார். லைல் அடக்கத்தோடு மறுத்துப் பார்த்தார். பிறகு தலையைக் கொடுத்தார். தொப்பைக்கு மேல் வந்து சட்டை நின்றுவிட்டது. படம் எடுத்தார்கள்.

டவேரியஸ் எழுந்தான். வெளியே மைதானத்தில் பையன்கள் காத்திருந்தார்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் பயிற்சி நேரம் பயிற்சி நேரம்தான். கதவருகே நின்று திரும்பினான்.

"நல்லா இருக்கு சார். ஆனா முனைப்பு இல்லாதவனுக்கு அந்தச் சட்டையை இந்த ஊர்ல குடுக்க மாட்டாங்க. நீங்க போன் பண்ணின வாரம் அதை யார் போட்டிருந்தாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

கிரென்ஷா கூரையைப் பார்த்தார். தவறாத கண் ஒருமுறை மூடித் திறந்தது. லைல் பேனாவை எடுத்தார். சட்டை இறுக்கியதால் கையைச் சரியாக மடக்க முடியவில்லை. ஆனாலும் கடமை தவறாமல், 'முனைப்பு இல்லை' என்ற வரிக்குக் கீழே குறித்துக்கொண்டார்: 'பெரியவர்களிடம் மரியாதையும் இல்லை.'