என்னைத் தத்தெடுத்த செம்மறி

படித்த படிப்பை வகுப்பறையோடு விட்டுவிட வேண்டும். பெண் பார்க்கப் போகிற இடத்துக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. இந்த ஞானம் எனக்கு நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில், தலையில் ஆட்டு எச்சில் வழிய வழிய வந்தது.

நான் நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன். மூளை, ஹார்மோன் என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் (எதிரே ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டேன்). அதனாலேயே அதுவரை வந்த வரன்கள் எல்லாம் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் இனிப் பெண் தேட மாட்டேன் என்று அம்மா காரிலேயே சொல்லிவிட்டாள். "வாயத் தொறக்காத சாமி, சிரிச்சுட்டு மட்டும் உக்காரு" என்பது எனக்கு இட்ட உத்தரவு.

போய் இறங்கினால் வீட்டில் யாருமில்லை, எல்லோரும் ஆட்டுப்பட்டியில். ஒரு செம்மறி அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. தாய் செத்துப்போன இன்னொரு குட்டியையும் அதனிடமே ஊட்டவிடப் பெண்ணின் அப்பா படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். கிட்டே போனாலே ஆடு அதை முட்டித் தள்ளியது. பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்ற பெண் சுகந்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்துவிட்டேன். குட்டி போடும்போது தாயின் மூளையில் ஆக்சிடோசின் சுரக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அந்த நேரத்தில் ஏராளமாக இருக்கும், அப்போது மூக்கில் ஏறுகிற வாசம்தான் 'என் பிள்ளை', கொஞ்ச நேரம் போனால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும் என்று விளாசினேன். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள்.

"அப்ப இப்ப என்ன பண்ணோணுங்க?" என்றாள் சுகந்தி.

என் பாடத்தில் சந்தேகம் கேட்ட முதல் ஜீவன் அவள்தான். மடமடவென்று சட்டைக் கையை மடித்தேன். ஆட்டின் பனிக்குட நீரை வழித்து அந்தக் குட்டியின் மேல் தலை முதல் வால் வரை பூசினேன். குட்டி துள்ளி என் மேலேயே விழுந்தது. எடுத்து விட்டேன், மறுபடி விழுந்தது. நடுவில் சுகந்தி பார்க்கிறாள் என்று தலைமுடியை வேறு கோதிக்கொண்டேன் (அதே கையால்). ஆடு குட்டியை முகர்ந்தது, நக்கியது, பால் கொடுத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கைகாலைக் கழுவினேன், அவர்கள் கொடுத்த வேறு சட்டையைப் போட்டுக்கொண்டேன். தலையை மறந்துவிட்டேன்.

பிறகு முறைப்படி எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். சுகந்தி காப்பித் தட்டோடு வந்தாள். அவள் பின்னாலேயே செம்மறியும் வந்தது, இரண்டு குட்டிகளோடு. மூன்றாவதைக் காணோம் என்று தேடி வந்திருக்கிறது.

நேராக என்னிடம் வந்து, தொண்டைக்குள் கொஞ்சலாக முனகிக்கொண்டே என் உச்சந்தலையை நக்க ஆரம்பித்தது. நகர்ந்தால் கத்தியது. எழுந்தால் நெஞ்சில் முட்டி உட்காரவைத்தது. இழுக்க வந்த அம்மாவை இடுப்பில் ஒரே முட்டு.

"பெத்தவ நா இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கறேன்" என்றாள் அம்மா, சுவரில் சாய்ந்தபடி.

நான் வாயை மூடியிருக்கலாம். "இது ஏற்பிகளோட வேலைங்க" என்று ஆரம்பித்தேன். பெண்ணின் அப்பா காப்பியைக் கீழே வைத்தார்.

ராசிபுரம் தாண்டும்வரை அம்மா இடுப்பைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். எனக்கோ, அந்த ஒரு கேள்வி கேட்டவளை இழந்துவிட்டேனே என்று நெஞ்சு வலித்தது. வீட்டுக்குள் நுழையும்போது போன் வந்தது. பெண்ணின் அப்பாதான்.

"புள்ளகிட்டக் கேட்டனுங்க. ஆடே பெத்த புள்ளையா ஏத்துக்கிச்சு, நா புருசனா ஏத்துக்கறதுக்கு என்னங்கப்பான்னு கேக்கறா."

கல்யாணம் ஆகிவிட்டது. என் அம்மா மட்டும் இன்றுவரை அந்த ஆட்டுப்பட்டிப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஆடு இப்போது கிழடு தட்டிவிட்டது. விருந்துக்குப் போகும்போதெல்லாம் யார் யாரையோ அறுக்கிறார்கள், அதைத் தொடுவதில்லை. விலைக்குக் கேட்டு வருகிற வியாபாரிகளிடம் என் மாமனார் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்கிறார்:

"அது விக்கறதுக்கில்லீங்க. எங்க சம்பந்தி."