ஐந்தாம் காட்சியில் லாரி வருகிறது

அரசாங்க ரிஜிஸ்டர்படி எங்கள் ஊருணிப்பட்டிக்கு வாரம் இரண்டு தடவை தண்ணி லாரி வருகிறது. செவ்வாயும் வெள்ளியும். நாங்கள் கொடுத்துவைக்காதவர்கள், ரிஜிஸ்டருக்கு வெளியே குடியிருக்கிறோம்.

இரண்டாயிரத்து மூன்றில் மூன்றாவது வருசமாக மழை ஏமாற்றிவிட்டது. கண்மாய்க்குள் கரிசல் வெடித்த வெடிப்பில் வெள்ளாடு கால் சிக்கிக் கத்தியது. அந்த நேரம் பார்த்து வெள்ளைத்தாய் வீட்டுக்கு அவள் மகள் பூங்கொடி பிரசவத்துக்கு வந்து, பிள்ளையும் பெற்றுவிட்டாள். பிள்ளை பிறந்த வீட்டுக்கு எத்தனை குடம் வேணும் என்பது ஆபீசர்களுக்குத் தெரியாது. அவர்கள் வீட்டிலும் பிள்ளை பிறக்கத்தான் செய்யுது, ஆனால் குழாயும் இருக்கிறது. வெள்ளைத்தாய் தினமும் இரண்டு மைல் நடந்து, ஒரு தோட்டத்துப் பம்புசெட்டில் நாலு குடம் தண்ணியும் நாற்பது ஏச்சும் வாங்கி வருவாள்.

நான் அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். எங்கள் ஊரில் அது வக்கீல் படிப்பு. அதனால் மனு எழுதுவது என் பொறுப்பு. பதினேழு திங்கட்கிழமை பதினேழு மனு எழுதினேன். "மேற்படி பொருள் தீவிரப் பரிசீலனையில் உள்ளது" என்று பதினேழு பதில் வந்தது. அந்தக் காகிதத்தைக் கரைத்துக் குடிக்கலாம் என்றால், கரைக்கத் தண்ணி வேணும்.

இப்படி இருக்கையில்தான் கோவில்பட்டிக்குச் சர்வதேச நாடக விழா வந்தது. பதினோரு நாட்டுக்காரர்கள். ராஜா ராணி நாடகம் கிடையாதாம். சனங்களின் கஷ்டத்தைச் சனங்களே நடிக்கணும், அதுதான் இப்போ உலகத்தில் நாகரிகமாம். கஷ்டம் தேடி ஒரு டைரக்டர் ஊர் ஊராக ஜீப்பில் வந்தார். பெயர் டேவிட்சன். கதர் ஜிப்பா, தோளில் ஜோல்னாப்பை, கையில் இரண்டு லிட்டர் தண்ணி பாட்டில்.

"உங்க ஊர்ல என்ன பிரச்சினை?"

"தண்ணி இல்லீங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல பிரச்சினை! பக்கத்து ஊர்ல பஸ் வரலேன்னாங்க. பஸ்ஸெல்லாம் போன வருசமே பண்ணிட்டாங்க. உங்களுக்கு எத்தனை வருசமா இல்லை?"

"மூணு வருசமா."

"அற்புதம்! இதைக் கெடுத்துடாதீங்க."

கெடுக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தோம். எங்கள் கையில் என்ன இருக்கு?

நாடகம் கண்மாய்க்குள் நடக்கும் என்று முடிவானது. கண்மாய் சர்க்கார் இடம். சர்க்கார் இடத்தில் நடித்தால் எழுத்துப் பிரதிக்கு யூனியன் ஆபீசில் ஒப்புதல் வாங்கணும். நான் என்ன செய்தேன், பதினெட்டாவது மனுவை அப்படியே நாடகமாக எழுதிவிட்டேன். மனுவில் "தாங்கள்" என்று இருந்த இடத்தில் "ஆபீசர்" என்று போட்டேன், அவ்வளவுதான் வேலை.

மனு பதினேழும் போன வழி தெரியவில்லை. நாடகம் மூன்றே நாளில் எல்லா மேசையிலும் ஏறி இறங்கியது. நாலாம் நாள் யூனியன் ஆபீசர் ஹரிஹரசுதன் அவர்களே எங்கள் ஊருக்குள் வந்துவிட்டார். அவருக்கு வழி தெரியாது. ரிஜிஸ்டரில் வாரம் இரண்டு தடவை வந்துபோகிற ஊர், பாவம், கேட்டுக் கேட்டு வந்தார்.

"பெரியவரே, ரெண்டாங் காட்சியில ஆபீசர் தூங்குறதா எழுதியிருக்கீங்க."

"நான் பார்த்தப்ப தூங்கத்தானய்யா செஞ்சீய."

"ஆபீஸ்ல தூங்குறது வேற. பதினோரு நாடு பார்க்கத் தூங்க முடியுமா? 'ஆழ்ந்த சிந்தனையில் இருக்கிறார்'னு மாத்துங்க."

மாற்றினேன்.

"கடைசியில லாரி வராமலே நாடகம் முடியுது. அரசாங்கத்துக்குக் கெட்ட பேரு. அஞ்சாங் காட்சியில லாரி கண்டிப்பா வரணும்."

வெள்ளைத்தாய் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "நெச லாரியா, அட்டையில செஞ்சதா?"

"நெச லாரிதாம்மா. நம்ம ஆபீஸ் லாரி."

அவர் முன்னாலேயே எழுதினேன்: "காட்சி ஐந்து. லாரி வருகிறது." கையெழுத்துப் போட்டு, பக்கத்துக்குப் பக்கம் முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

"ஏட்டி, சீல் வச்ச லாரி! வராமப் போயிருமா?" என்று வெள்ளைத்தாய் மகளிடம் சொல்ல ஓடினாள். எனக்கே பெருமை தாங்கவில்லை. மனு எழுதி நடக்காததை நாடகம் எழுதிச் சாதித்துவிட்டேனே.

ஒத்திகை ஆரம்பமானது. ஒத்திகைக்குத் தண்ணி ஏது? காலிக் குடத்தை வைத்துக்கொண்டு நிறைகுடம்போல நடிக்கச் சொன்னார் டேவிட்சன்.

"இல்லாத தண்ணி இருக்குன்னு நீங்க நம்பணும்."

"பதினேழு மனுவா அதைத்தானே தம்பி செய்யுதோம்" என்றாள் வெள்ளைத்தாய்.

அவர் நடந்து காட்டினார். அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். "நெறகொடம் இடது இடுப்புல இருந்தா ஒடம்பு வலப்பக்கம்லா சாயும்? நீங்க நடக்கது, கோழியத் திருடிட்டுப் போறவன் மாதிரி இருக்கு." பிறகு அவள் நடந்து காட்டினாள். இடுப்பு ஒடிந்தது, வலக்கை வீசியது, கழுத்து நரம்பு தெரிந்தது, சேலையில் தண்ணி சிந்தினதுபோல முந்தானையை உதறிக்கூடக் கொண்டாள். டேவிட்சன் வாய் பிளந்து நின்றார். அதற்குப் பிறகு அவர்தான் அவளிடம் ஒத்திகை பார்த்தார்.

விழாவில் எங்கள் நாடக நாளும் வந்தது. கண்மாய்க்குள் பந்தல், நாற்காலி, பதினோரு நாட்டுக் கொடி. நடிக்க ஆறு பொம்பளைகள், ஆறு குடம் போதும் என்றார் டேவிட்சன். எங்கள் ஊரில் இருந்த அத்தனை குடமும், அண்டாவும், வாளியும், மாட்டுக்குத் தவிடு கலக்குற தொட்டியும் மேடைக்கு வந்துவிட்டன. வெளிநாட்டுக்காரர்கள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

நாலு காட்சி போனது. ஆபீசர் ஆழ்ந்த சிந்தனையில் இருந்தார். ஐந்தாம் காட்சியில், முத்திரை குத்தினது குத்தினபடி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு லாரி வந்தது. ஊரே எழுந்து நின்றது. வெள்ளைத்தாய் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்துத் திருகினாள்.

"புஸ்" என்றது.

இன்னும் திருகினாள். குழாய்க்குள்ளிருந்து ஒரு பல்லி விழுந்து ஓடியது.

நான் முன்வரிசைக்குப் போய்க் குனிந்து, "அய்யா, தண்ணியைக் காணோமே" என்றேன்.

ஹரிஹரசுதன் அவர்கள் பிரதியை விரித்துக் காட்டினார். "நீங்க எழுதினதுதானே பெரியவரே? லாரி வருகிறது. வந்திருக்கு. தண்ணின்னு எங்க எழுதியிருக்கு?"

நானும் தேடினேன். எழுதவில்லை. லாரி என்றால் தண்ணி என்று நினைத்துவிட்டேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு அவ்வளவுதான்.

மேடையில் வெள்ளைத்தாய் திகைத்து நின்றாள். பதினோரு நாடு பார்த்துக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் டேவிட்சன், "நடிங்கம்மா, நடிங்க!" என்று தவித்தார். அவள் ஒரு மூச்சு விட்டாள். குழாயடியில் குடத்தைப் பிடித்தாள். நிறைய நிறையக் குடம் கனத்தது. "ஏட்டி, தளும்புது, பார்த்து!" என்று அதட்டினாள். இடுப்பில் ஏற்றிக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நடந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், ஓரத்தில் நின்ற கன்றுக்குட்டி அவள் பின்னாலேயே போயிற்று.

பெல்ஜியத்திலிருந்து வந்திருந்த நடுவரம்மா கண்ணைத் துடைத்தார். காலி லாரி என்பது எவ்வளவு பெரிய தத்துவம் என்று டேவிட்சனிடம் சொன்னாராம். எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். நாங்களும் தட்டினோம். நான்தான் முதலில் தட்டினேன் என்று வெள்ளைத்தாய் சொல்கிறாள். இருக்கும்.

திங்கட்கிழமை பத்தொன்பதாவது மனுவோடு போனோம். ஹரிஹரசுதன் அவர்கள் எங்களை உட்காரவே சொல்லிவிட்டார். ஒரு போட்டோவை எடுத்து வைத்தார். வெள்ளைத்தாய், இடுப்பில் குடம், பின்னால் லாரி.

"இது நீங்கதானம்மா?"

"நாந்தான்."

"தண்ணி இல்லாமலா இப்படி இடுப்பு ஒடியுது?"

"அது நடிப்புல்லா அய்யா!"

"ரிஜிஸ்டர்ல நடிப்புன்னு ஒரு பத்தியே இல்லையேம்மா. 'குடிநீர் வழங்கப்பட்டது, பொதுமக்கள் கரவொலி எழுப்பி மகிழ்ச்சி தெரிவித்தனர்'னு எழுதிக் கோப்பை மூடியாச்சு. பதினோரு நாட்டுச் சாட்சி இருக்கு."

வெள்ளைத்தாய் அந்தப் போட்டோவைக் கையில் எடுத்து, தன் இடுப்பையும் குடத்தையும் உற்றுப் பார்த்துவிட்டு எழுந்தாள். அவள் பார்த்த பார்வைதான் எனக்குப் பயமாக இருந்தது.

விழா முடிகிறதற்கு முந்தின நாள், தண்ணி பெற்ற ஊரைப் பார்க்க எல்லாரும் வந்தார்கள். ஆபீசர், பெல்ஜியத்து அம்மா, டேவிட்சன், பின்னால் கேமராக்காரர்கள். உச்சி வெயில். ஆபீசர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு வாய் தண்ணி தாங்கம்மா" என்றார்.

வெள்ளைத்தாய் உள்ளே போனாள். வெண்கலச் செம்பை இரண்டு கையாலும் ஏந்தி, சிந்திவிடாமல் அடிமேல் அடிவைத்து வந்தாள். "குடிங்கய்யா. நீங்க அனுப்புன தண்ணி."

அவர் வாங்கிப் பார்த்தார். செம்புக்குள் அடி தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தார். கேமரா தெரிந்தது.

அண்ணாந்தார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. ஒரு மடக்கு, இரண்டு மடக்கு. மூன்றாவது மடக்கில் புரையேறி இருமினார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் தரட்டுமா அய்யா?"

"போதும்மா. வயிறு நெறஞ்சுட்டு."

காலிச் செம்பை எட்டிப் பார்த்த பெல்ஜியத்து அம்மா மறுபடியும் கண்ணைத் துடைத்தார். அப்போதும் நாங்கள் கை தட்டினோம். அப்படி ஒரு நடிப்பு.

மறுநாள் கோவில்பட்டியில் பரிசளிப்பு. அந்த விழாவின் சிறந்த நடிகர் பரிசை பெல்ஜியத்து அம்மா ஹரிஹரசுதன் அவர்களுக்கே கொடுத்துவிட்டார். அவர் மேடையேறி, தண்ணீரின் அருமை பற்றி அரை மணிநேரம் பேசினார். நடுவில், மேசையில் இருந்த பாட்டிலைத் திறந்து நெசமாகவே ஒரு மடக்குக் குடித்தார். மிச்சத்தை அப்படியே வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

கூட்டம் கலைகிற சந்தடியில் வெள்ளைத்தாய் மேடையேறி அந்தப் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்துவிட்டாள். பஸ்ஸில் அதை மடியைவிட்டு எடுக்கவில்லை. அன்றைக்குப் பூங்கொடியின் பிள்ளைக்கு முகம் கழுவி விட்டார்கள்.

அந்த வருசம் எங்கள் ஊருக்குச் சர்க்காரிடமிருந்து வந்த தண்ணி மொத்தம் அந்த முக்கால் பாட்டில்தான். அது ஒன்றுதான் எந்த ரிஜிஸ்டரிலும் ஏறவில்லை.