செம்பூர் போய்த் திரும்பிய அண்டா

எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி கிடையாது. இப்படி ஆரம்பித்தால் நீங்களே என்னைச் சந்தேகப்படுவீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி மும்பையில் தாராவிக்கு வந்து, பத்துக்குப் பன்னிரண்டு அடி வீட்டில் மூன்று வருஷம் இருந்தபிறகுதான் அந்தப் புத்தி எனக்கு வந்தது. அத்தனை சின்ன வீட்டில் ஒரு சாமான் காணாமல் போனாலும், போன சாமான் திரும்பி வந்தாலும், யாரோ ஒருவர்தான் செய்திருக்க வேண்டும். வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அதில் ஒருத்தி நான்.

அப்போது எனக்கு ஒரு தையல் மிஷின் வேண்டியிருந்தது. மாதுங்காவில் ஓர் அக்காவிடம் ஆறு மாதம் போய் ரவிக்கை தைக்கக் கற்றிருந்தேன். சந்தில் நான்கு பேர் துணியோடு காத்திருந்தார்கள். தோல்பை பட்டறையில் கட்டிங் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் தங்கராசுவிடம் கேட்டேன்.

"மிசினை எங்கன போடுவே, என் தலையிலயா? ஜன்னலடியக் காலி பண்ணிக் காட்டு. மறுநாளே வாங்கித் தாரேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எனக்குச் சந்தேகம். மூன்று வருஷமாக அந்த ஜன்னலடியை நான் பார்த்ததே இல்லை. ஜன்னல் இருக்கிறது என்பதே வெளியிலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு பெண், நாளுக்கு ஒரு சாமான் வீதம் முப்பது நாள் வெளியேற்றினால் வீடும் மனசும் லேசாகும் என்றாள். (அவள் வீட்டில் மொத்தம் முப்பது சாமான்தான் இருந்திருக்கும் போலத் தெரிந்தது.) ஊக்கம் குறையாமலிருக்க ஒரு அட்டவணை போடச் சொன்னாள். காலண்டர் தாளைத் திருப்பி முப்பது கட்டம் போட்டேன். ஒரு சாமான் போனால் ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

முதல் வாரம் என் வேகத்தைப் பார்த்து நானே பயந்தேன். உடைந்த மிக்ஸி ஜாடி, கைப்பிடி இல்லாத வாளி, ஒற்றைச் செருப்பு மூன்று. இரண்டாவது வாரம் வேகம் படுத்துவிட்டது. பன்னிரண்டாம் நாள் ஒரு பேனா மூடியை வெளியேற்றிவிட்டு, கூசாமல் முழுப் பொட்டு ஒட்டிக்கொண்டேன். பதினைந்தாம் நாள் டேபிள் ஃபேன். அது ஓடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை ஃபேன் அதே இடத்தில் நின்றது.

"இது எப்படி வந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்?" என்றார், முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டு.

"ஓடாத ஃபேனுங்க."

"ஓடலைன்னா என்ன? அது பாட்டுக்கு ஒரு ஓரமா நிக்கி. உன்னய என்ன செஞ்சிச்சு?"

அன்றிலிருந்து அவர் தூங்கும்வரை நான் தூங்கவில்லை. நான் தூங்கும்வரை அவர் தூங்கவில்லை. அவர் சாமான்களை எண்ணினார். நான் அவர் பையைச் சோதித்தேன். அட்டவணையைப் பார்த்து, "இருவத்தாறு பொட்டு இருக்கே. குளிக்கப் போறப்போ நெத்தியில இருந்து எடுக்கதை எல்லாம் இங்கன ஒட்டுதியா?" என்று கேட்டார். (இரண்டு அப்படித்தான் ஒட்டினேன். அதற்காக ஒரு மனுஷர் வாய்விட்டுக் கேட்கலாமா?)

இருபத்தேழாம் நாள் ஜன்னலடியில் ஒரே ஒரு சாமான் மிச்சம். இடுப்பளவு எவர்சில்வர் அண்டா. கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரரின் அத்தை பேச்சியம்மாள் கொடுத்தது. கழுத்தைச் சுற்றி, 'அன்பளிப்பு பேச்சியம்மாள்' என்று கண்ணாடி போடாதவர்களுக்கும் தெரியும்படி பெயர் வெட்டியிருந்தது. ஒரு நாளும் நாங்கள் அதில் எதுவும் செய்ததில்லை. நூறு பேருக்குச் சோறு பொங்கினால் அவர்களை எங்கே உட்கார வைப்பது?

அத்தை அடுத்த சந்தில் இட்லி வியாபாரம் செய்தார். எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் அண்டாவைப் பார்ப்பார், பிறகுதான் என்னை. அதனால் தாராவியில் அதைப் போட முடியாது. இங்கே பழைய இரும்பு எடுக்கும் பங்கார் கடைக்காரர் பாதிப் பேர் அத்தையிடம் இட்லி வாங்கித் தின்பவர்கள். யோசித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு புத்திசாலித்தனமாக நான் யோசித்ததில்லை. பெட்ஷீட்டில் சுற்றி, பஸ் ஏறி, செம்பூருக்குக் கொண்டுபோனேன். யாருக்குத் தெரியப்போகிறது?

செம்பூர் பங்கார்காரன் அண்டாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். வெட்டியிருந்த எழுத்தைத் தடவி, "யே க்யா லிகா ஹை?" என்றான், என்ன எழுதியிருக்கிறது என்று.

"மேரா நாம்." என் பெயர்தான் என்று அடித்துவிட்டேன்.

"க்யா நாம்?"

"பேச்சியம்மாள்."

"சோரி கா மால் தோ நஹி?" திருட்டுச் சாமான் இல்லையே என்று கேட்கிறான்!

நான் முறைத்த முறைப்பில் பேசாமல் எடை போட்டான். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மிஷினை எந்தப் பக்கம் திருப்பிப் போடலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

முப்பதாம் நாள் சாயங்காலம் அத்தை வந்தார்.

"ஏட்டி செல்வி, ஒரு செம்பு தண்ணி கொண்டா. என்னட்டி, வீடு இம்புட்டு வெளிச்சமா கெடக்கு?"

"சுத்தம் பண்ணினேன் அத்தை."

"அண்டாவ எங்க?"

"இரவல் குடுத்திருக்கேன். ஒரு சீமந்தத்துக்கு."

"யாருக்குச் சீமந்தம்?"

"உங்களுக்குத் தெரியாது. செம்பூர்ல."

"ஓ, செம்பூர்லயா." தண்ணீரை நிதானமாகக் குடித்து முடித்தார். பிறகு வாசல் பக்கம் கையைக் காட்டினார். "அப்பம் சீமந்தம் முடிஞ்சு அண்டா தானா நடந்து வந்துட்டு போல."

வாசலில் அண்டா நின்றது. பக்கத்தில் என் வீட்டுக்காரர், தூக்கிவந்த மூச்சு வாங்கலோடு.

மும்பையில் யார் எதைத் தூக்கி எறிந்தாலும் அது கடைசியில் எங்கே வரும்? தாராவிக்குத்தான் வரும். பிரிக்க, உருக்க, அடித்து நிமிர்த்த எல்லாம் இங்கேதான். மூன்று வருஷமாகப் பழைய சாமான் மூட்டைகளுக்கு நடுவில் ஒதுங்கி ஒதுங்கி நடந்த எனக்கு அது மட்டும் மறந்துபோனது. அரிசி ஊறப்போடப் பழைய அண்டா ஒன்று வேண்டுமென்று சந்து முனை பங்கார் குடோனுக்குப் போன அத்தை, குவியலின் உச்சியில் தன் பெயரைப் படித்திருக்கிறார்.

"எதுக்குட்டி இந்த எடத்தக் காலி பண்ணினே? யாரைக் குடிவைக்கப் போற?"

பொய் சொல்லத் தெம்பில்லை. மிஷின், ரவிக்கை, முப்பது கட்டம், எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். அண்டா மறுபடி ஜன்னலடிக்கு வந்தால் மிஷின் இல்லை. என் வீட்டுக்காரர் அண்டாவைப் பார்த்தார், ஜன்னலடியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததை நான் கவனித்தேன்.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, மூணு வருசமா நான் இங்க வரும்போதெல்லாம் அந்த அண்டாவ எதுக்குப் பார்க்கேன்னு நெனைச்சே?"

"பத்திரமா இருக்கான்னு."

"சும்மா கெடக்கேன்னு வயித்தெரிச்சல். அங்க நான் மூணு சட்டியில அரிசி ஊறப்போட்டுக் கெடக்கேன். குடுத்தத திருப்பிக் கேக்கவா முடியும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தூக்கிட்டுப் போயிருப்பேன். இதப் போயி செம்பூருக்கும் குடோனுக்கும் அலையவிட்டுட்டியே." பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "நீ என்னலே நிக்க? தூக்கு. எங்க வீட்டுல கொண்டு வை. நாளைக்கு மிசின் வரணும்."

மிஷின் மறுநாளே வந்தது. அதற்கும் அடுத்த நாள் அத்தை வந்தார், பாத்திரத்தில் பெயர் வெட்டும் ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு. நான் காபி போட்டுத் திரும்புவதற்குள் மிஷினின் முதுகில் வேலை முடிந்திருந்தது. 'அன்பளிப்பு பேச்சியம்மாள்'.

"நான்லா வாங்கினேன்?" என்று என் வீட்டுக்காரர் முனகினார்.

"இருக்கட்டும்லே. இவளை நம்ப முடியாது. பேரு இருந்தா எங்க போனாலும் திரும்பி வந்திரும்."

இன்றும் எங்கள் வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும், "அத்தை பேரு வெட்டியாச்சா?" என்றுதான் முதல் கேள்வி. மிஷினின் முதுகு ஜன்னலைப் பார்த்து நிற்கிறது. சந்தில் போகிறவர்கள் பெயரைப் படித்துவிட்டுத்தான் துணி கொடுக்கிறார்கள். செம்பூரில் நான் சொன்ன ஒரு பொய் பலித்துவிட்டது. என் பெயர் செல்வி என்பது பாதி வாடிக்கையாளர்களுக்கு இன்றுவரை தெரியாது.